தானே சோப்பு ஊற்றும் சலவை இயந்திரம்: செலாயாங் தண்ணீரில் ஒரு சோதனை

முன்பக்கக் கதவு வைத்த சலவை இயந்திரங்களில் இப்போது பரவலாக வரும் வசதி, சலவைத் திரவத்தைத் தானே அளந்து ஊற்றிக்கொள்வது. பாஷ் இதற்கு ‘ஐ-டாஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறது. சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்களும் இதே வேலையைச் செய்யும் மாடல்களை விற்கின்றன. செலாயாங்கில் எங்கள் வீட்டில் இந்த வகையைச் சேர்ந்த 9 கிலோ இயந்திரம் சில மாதங்களாக ஓடுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோப்பின் அளவை நம் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ப மாற்றிக்கொள்பவருக்குக் கொடுத்த காசு வீண்போகாது. கடையிலிருந்து வந்தபடியே ஓடவிட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

எப்படி வேலை செய்கிறது?

இழுப்பறையில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று சலவைத் திரவத்துக்கு, மற்றது துணியை மென்மையாக்கும் திரவத்துக்கு. ஒருமுறை நிரப்பினால் பல சலவைகளுக்கு வரும். துணியைப் போட்டதும் உருளை மெல்லச் சுழன்று எடையைக் கணிக்கிறது. அதற்கேற்பச் சிறு பம்பு திரவத்தைச் செலுத்துகிறது. ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும், அதாவது முழுச் சலவைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பதை, நாம்தான் சொல்ல வேண்டும். கையேட்டின் நடுப்பக்கத்தில் இருக்கும் அந்த ஓர் எண்தான் இந்த வசதியின் உயிர்நாடி.

அந்த எண் ஏன் முக்கியம்?

சோப்பில் வேலை செய்பவை பரப்புச் செயலிகள் எனப்படும் வேதிப்பொருள்கள். அவற்றின் மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. வால்கள் துணியில் ஒட்டிய எண்ணெயைப் பற்றிக்கொள்ள, தலைகள் நீர்ப்பக்கம் திரும்பி நிற்கும். எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு வெளியேறிவிடும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் இந்த மூலக்கூறுகளில் ஒரு பங்கு அந்த உப்புகளோடு சேர்ந்து வீணாகிறது; அதை ஈடுகட்டக் கூடுதல் சோப்பு தேவை. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீர் மென்னீர். எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதனைத் தாளில் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. கடின நீர் ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அளவு இங்கே தேவையே இல்லை.

முழுச் சலவைக்கு 50 மில்லிலிட்டர் என்றிருந்ததைப் படிப்படியாகக் குறைத்து 30-இல் நிறுத்தினேன். அன்றாட உடுப்புகளின் சுத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. துவாலைகள் முன்பைவிட மிருதுவாக வந்தன. கதவின் ரப்பர் வளையத்தில் படியும் வழுவழுப்பும் குறைந்தது.

சோப்பு குறைந்தும் சுத்தம் குறையாததற்கு ஒரு காரணம், நுரை குறைந்தது. நுரை மிகுந்தால் துணி நன்றாகச் சுத்தமாகிறது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. முன்பக்கக் கதவு இயந்திரத்தில் துணி மேலேறி விழுந்து மோதும்போதுதான் அழுக்கு பெயர்கிறது. நுரை மெத்தைபோல் நடுவில் நின்று அந்த மோதலின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதிக நுரையை உணரும் இயந்திரங்கள் அலசலையும் கூட்டிக்கொள்கின்றன. தண்ணீர், மின்சாரம், நேரம் மூன்றும் செலவு.

கறைச் சோதனை

தைப்பூசம் நடக்கும் பத்துமலை செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள்தான் இருக்கிறது. தைப்பூச உடுப்பைவிடக் கடுமையான சோதனை எங்கள் பகுதியில் கிடையாது. பால்குடத்தில் சிந்திய பால், விபூதி, வியர்வை ஆகியவை ஒரே சலவையில் போய்விட்டன. பாலின் புரதத்தை உடைப்பது திரவத்திலுள்ள புரோட்டியேஸ் நொதி. நம் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியை ஒட்டி இருப்பதால், சூடேற்றாமலே அது ஓரளவு வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறிய தலையணை உறைக்கு 40 டிகிரி தேவைப்பட்டது. மஞ்சள் கறை மட்டும் அசையவில்லை. அது சாயம், காரத்தன்மையுள்ள சோப்பு பட்டால் சிவக்கவும் செய்யும். அதற்கு மருந்து வெயில்தான். மஞ்சளின் நிறமிகள் ஒளியில் சிதைந்துவிடும்.

குறைகள்

முதல் குறை பட்டு. பட்டும் புரதமே, கறையை உடைக்கும் அதே நொதி பட்டிழையையும் அரிக்கும். தொட்டியில் நொதித் திரவம் இருக்கும்போது பட்டையோ கம்பளியையோ போட்டால் தானியங்கி ஊற்றலைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். என் இயந்திரத்தில் அதற்குத் தனிப் பொத்தான் இல்லை, மெனுவுக்குள் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, தொட்டி தூளை ஏற்காது. ஆக்சிஜன் வெளுப்பான் பெரும்பாலும் தூளில்தான் வரும், திரவத்தில் இருப்பதில்லை. திரவத்தை மட்டுமே நம்பியதில் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் மெல்ல மங்கின. இப்போது அவற்றைத் தனியாகத் தூளில் துவைக்கிறோம்.

மூன்றாவது, வேறு திரவத்துக்கு மாறும்போது தொட்டியைக் கழுவ வேண்டும். கலந்தால் கட்டி தட்டிக் குழாய் அடைக்கலாம்.

தண்ணீர் எங்கே போகிறது?

பழைய வரிசை வீடுகள் பலவற்றில் துணி துவைத்த தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகாமல் பின்சந்துக் கால்வாயில் விழுகிறது. அங்கிருந்து பத்து ஆறு, பிறகு கோம்பாக் ஆறு, கடைசியில் மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறு. ஆற்றில் சேரும்முன் சுத்திகரிப்பு கிடையாது. பரப்புச் செயலிகள் மீனின் செவுள்களைத் தாக்குபவை. சில வகைகள் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே மீனைக் கொல்லும்.

1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. அப்போதைய மூலக்கூறுகளின் வால் கிளைத்திருந்ததால் நுண்ணுயிர்களால் சிதைக்க முடியவில்லை. 1960-களில் நேர்வால் கொண்ட எல்.ஏ.எஸ். வந்தது. அது நன்றாகச் சிதையும். ஆனால் ஆக்சிஜன் வேண்டும். அடைத்து நாறும் கால்வாயில் ஆக்சிஜன் ஏது?

ஆற்றுநீரின் அருமை நமக்குப் புதிதல்ல. 2020 செப்டம்பரில், இதே நகராண்மைக் கழக எல்லைக்குட்பட்ட ரவாங்கில் கோங் ஆறு மாசடைந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீருக்குத் தவித்தது. அது தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வந்த மாசு. ஆனால் வீட்டுச் சோப்பில் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் எம்.இ.எஸ். என்ற பரப்புச் செயலி எளிதில் சிதையக்கூடியது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் அதை நெடுங்காலமாக ஆய்வு செய்திருக்கிறது. லேபிளில் அதைத் தேடுங்கள். எதை வாங்கினாலும் குறைவாக ஊற்றுங்கள்.

வாங்கலாமா?

பெரிய குடும்பம், வாரம் முழுக்க எடை மாறும் சலவை, கண்ணளவில் சோப்பு ஊற்றும் பழக்கம்: இம்மூன்றும் இருந்தால் வாங்கலாம். தனியாக வாழ்பவருக்கும், பட்டும் வெள்ளையும் அதிகம் துவைப்பவருக்கும் இந்த வசதிக்கென்று கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அளவு மூடி ஒன்றும் கொஞ்சம் கவனமும் போதும். வாங்கியவர்கள் முதல் சலவைக்கு முன்பே கையேட்டைத் திறந்து அடிப்படை அளவைக் குறைத்துவிடுங்கள். துணி சுத்தமாக வந்துகொண்டிருக்கும்வரை இன்னும் குறைக்கலாம். கறை நிற்கத் தொடங்கினால் ஒரு படி ஏற்றுங்கள். அதுவே உங்கள் வீட்டுக்கான சரியான அளவு.