பெருநகரும் இல்லறமும்: சீனன்குடாவிலிருந்து ஒரு நோக்கு

வேற்றூரிற் குடியேறிய கணவன் மனைவியரின் அன்றாட வாழ்வை நமது இலக்கியம் எங்ஙனம் கண்டுள்ளது என்ற வினாவைச் சீனன்குடாவில் நின்று எழுப்புவது பொருத்தமானதே. பிறநாட்டாரின் பெயரைத் தாங்கிய இக்குடா, பிறநாட்டாரின் தேவைக்கெனவே உருமாற்றப்பட்டது. பிரித்தானியர் இங்கு அமைத்த எண்ணெய்க் குதங்களுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1957இல் தளங்கள் இலங்கை அரசின் கைக்கு மாறியதும், 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தின் வழியே சிங்கப்பூர் மூலதனம் மாவாலையாக வந்து சேர்ந்ததும் வரலாற்று நூல்கள் கூறும் செய்திகள். தளங்களையும் ஆலைகளையும் வரலாறு பதிவு செய்கின்றது. அவற்றையொட்டிய விடுதிகளில் உலை வைத்தவர் யார் என்பதை அது கேட்பதில்லை.

குடியேற்ற ஆட்சிக்கால அதிகாரியின் இல்லறம் சமையற்காரன், ஆயா, சலவைத் தொழிலாளி ஆகியோரின் தோள்களில் நின்றது. அத்தம்பதியரின் அன்றாடம் பிறரது உழைப்பின் விளைவாகும். இவ்வுண்மையை அளவுகோலாகக் கொண்டு தமிழிலக்கிய மரபை நோக்குவோம்.

தமிழ் மரபில் பிரிவு என்பது பாலைக்குரியது. பொருள்வயிற் பிரியும் தலைவன் செல்வான், தலைவி இல்லிருப்பாள். மகளிரோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்பதே தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்குப் பெரும்பாலும் கொள்ளப்படும் பொருள். இவ்விதி வெறும் ஒழுக்கவிதி அன்று. வணிக மூலதனத்தின் ஆரம்ப நிலைக்கு ஏற்ற குடும்ப அமைப்பின் இலக்கியப் பிரதிபலிப்பு எனலாம். இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வமைப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. செட்டிநாட்டு வட்டிக்கடை முகவர்கள் மூன்றாண்டுத் தவணையில், பெரும்பாலும் மனைவியரை ஊரில் விட்டே, தென்கிழக்காசியா சென்றனர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) காட்டும் மெடானும் பினாங்கும் ஆடவர் உலகமாகவே பெரிதும் அமைந்திருப்பது இதனாலேயே. ஆசிரியரின் மனப்போக்கை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுவது மேலோட்டமான விமரிசனமாகும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே பெருநகர் செல்லும் பொழுது என்ன நிகழும்? இதற்குச் சிலப்பதிகாரமே நமக்கு முதன்மைச் சான்று. புகாரை விட்டு மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் நகர்ப்புறத்து ஆயர் குடியிருப்பிற் புகலடைகின்றனர். மாதரி அரிசியும் காயும் கலமும் தருகின்றாள். அவள் மகள் ஐயை அடுப்பு மூட்டுகின்றாள். பெருவணிகனின் மகளான கண்ணகி காய் அரிகையில் விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது. உண்டபின் கோவலன் தன் தவற்றை நினைந்து வருந்துகின்றான். அப்பொழுதே கண்ணகி அவனது ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என வெளிப்படையாகக் கூறுகின்றாள். அதன்பின் அவன் சிலம்புடன் கடைவீதிக்குச் செல்கின்றான், மீளவில்லை. பெருநகரில் அவர்களது இல்லறம் ஒரு வேளைச் சோற்றோடு முடிந்தது.

இளங்கோவடிகளின் யதார்த்த நோக்கு இவ்விடத்து வியக்கத்தக்கது. வர்க்க நிலை சரிந்த குடும்பத்தில் அச்சரிவு முதலிற் பெண்ணின் விரலிலேயே தெரிகின்றது. உழைக்கும் அவ்வேளையிலேதான் அவளுக்கு வாயும் திறக்கின்றது. ஆயின் பிற்காலத்தார் இக்காட்சியைக் கற்பின் அணியாகவே விளக்கி வந்தனர். கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களிலும் வழக்குரைத்த கண்ணகியே தெய்வமானாள். காய் அரிந்த கண்ணகி மறக்கப்பட்டாள்.

எங்கெல்ஸ் 1884இல் வெளிவந்த தமது குடும்பம் பற்றிய நூலில், வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியோடு மனிதரின் மறுஉற்பத்தியையும் வரலாற்றின் அடிப்படையாகக் கொண்டார். குடும்பத்தினுள் கணவன் முதலாளியின் இடத்தையும் மனைவி பாட்டாளியின் இடத்தையும் வகிப்பதைச் சுட்டினார். அவரே 1845இல், மான்செஸ்டரிற் குடியேறிய ஐரிஷ் மக்களைப் பற்றி எழுதுகையில், அவர்களது பழக்கவழக்கங்களை ஓரளவு இகழ்ச்சியோடு நோக்கியதையும் நாம் மறைத்தல் ஆகாது. குடியேறியோரின் வறிய அடுப்படியைப் பண்பாட்டுக் குறையாகக் காணும் தவறு நமது ஆசான்களுக்கும் நேர்ந்ததுண்டு.

இவ்வொளியில் நமது புலம்பெயர் இலக்கியத்தை நோக்குவோமாயின், விமரிசகர் பலர் பாலையின் பழைய ஏக்கத்தையே புதிய பெயரில் தேடுவது புலனாகும். தலைவிக்குப் பதிலாக ஊர். தலைவனுக்குப் பதிலாகத் தம்பதியர். ஊர் நினைவு உண்மையானதே. ஆயினும் ஏக்கத்தை மட்டுமே அளக்கும் விமரிசனம், வேலையால் மீண்டபின் அடுப்பை மூட்டுபவர் யார் என்பதைக் காணாது போய்விடுகின்றது. 1970 முதல் இலண்டனில் வாழ்ந்து எழுதிவரும் இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம், 'தேம்ஸ் நதிக்கரையில்' முதலிய படைப்புகளாற் பெறும் முக்கியத்துவம் இங்கேயே உள்ளது. அவரது புனைவுலகில் ஊர் நினைவைக் காட்டிலும் பெண்ணின் நிலையே தலையாய பிரச்சினை.

அ. முத்துலிங்கத்தின் 'அமெரிக்கக்காரி' வேறொரு வழியில் முன்செல்கின்றது. இலங்கைப் பெண்ணும் வியட்நாமியனும் அமெரிக்காவில் இல்லறம் நடத்துகின்றனர். ஊரில் அமெரிக்கக்காரி எனக் கேலி செய்யப்பட்டவள் அங்கு இலங்கைக்காரியாகவே இருக்கின்றாள். அவள் பெற்ற குழந்தையே அமெரிக்கக்காரியாகின்றது. மறுஉற்பத்தியைக் கதையின் மையத்தில் வைத்தமை ஆசிரியரின் சாதனை. எனினும் பிரச்சினையை ஒரு நாட்டுப் பெயரால் தீர்த்துவிடுவது கதையின் எல்லையுமாகும். குழந்தையை வளர்க்கும் நீண்ட உழைப்பு கதை முடிந்த பின்னரே தொடங்குகின்றது.

மீண்டும் திருகோணமலைக்கு வருவோம். கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரிலிருந்தும், அயலிலுள்ள கிண்ணியாவிலிருந்தும் பெண்கள் பணிப்பெண்களாக வளைகுடா நாடுகளுக்குச் சென்றுள்ளனர். பாலைத்திணை இங்குத் தலைகீழாகின்றது: தலைவி பொருள்வயிற் பிரிகின்றாள்; தலைவன் இல்லிருக்கின்றான். வேற்று நகரொன்றில் வேறொரு தம்பதியரின் அன்றாடத்தை அவள் தன் கையால் நடத்துகின்றாள். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் அத்தகைய வேலைக்கே 2005இல் சென்றார். அவரது பராமரிப்பில் இருந்த சிசுவின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9இல் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு உள்ளானார். பிறர் வீட்டு அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் சென்ற ஓர் ஏழை இளம்பெண்ணின் வரலாறு இது.

எனவே குடியேறிய இல்லறத்தைப் பேசும் எந்தப் படைப்பையும் நோக்கி நாம் முதலிற் கேட்கவேண்டியது, அவர்கள் எதை நினைத்து ஏங்கினர் என்பதன்று. அவர்களது ஒருநாள் யாருடைய உழைப்பால் நடந்தது என்பதே. மதுரைப் புறநகரில் கண்ணகியின் சிவந்த விரல்கள் அவ்வினாவை முன்னரே எழுப்பிவிட்டன. விடை கூறும் பொறுப்பு படைப்பாளிக்கு மட்டுமன்றி விமரிசகனுக்கும் உரியது.