பிணியும் நகையும்: சூசன்னா கேசனின் நோய்த் தன்வரலாறு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பிணியையும் வருத்தத்தையும் இளிவரலின் நிலைக்களன்களாக வைக்கிறார். மூப்பும் மென்மையும் அவற்றோடு சேர நான்காகும். நோயுற்றோர் பிறர் நோக்கிலும் தம் நோக்கிலும் தாழ்வுறும் உலகியல் இவ்வைப்பில் புலனாகிறது எனலாம். அமெரிக்க எழுத்தாளர் சூசன்னா கேசன் 2001இல் வெளியிட்ட 'தி கேமரா மை மதர் கேவ் மி' (என் தாய் தந்த ஒளிப்படக்கருவி) என்னும் தன்வரலாற்று நூல் பிணியை இளிவரலினின்று பெயர்த்து நகையின்பாற் படுத்துகிறது. அந்நகை யார்மேல் விழுகிறது, எங்கு நின்றுபோகிறது என்னும் இரு வினாக்களே இந்நூலை மதிப்பிடும் அளவுகோல்களாகும்.

பெண்குறியில் தோன்றி நீங்காது நிலைத்த வலியே நூற்பொருள். இத்தகைய வலியை மருத்துவர் வல்வோடினியா என்பர். குறைந்தது 3 மாதம் நீடிப்பதும் தெளிவான காரணம் புலப்படாததுமான வலி என 2015இல் பன்னாட்டு மருத்துவக் கழகங்கள் இதனை வரையறுத்தன. காரணம் அறியப்படாமையே வரையறையின் ஒரு கூறாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. நூற்பெயர் லூயி புனுவெலின் 'விரிடியானா' (1961) திரைப்படத்தில் இரவலர் விருந்துண்ணும் காட்சியைத் தழுவியது. அங்கு ஒருத்தி ஒளிப்படம் எடுப்பவள்போல் தன் ஆடையை உயர்த்துகிறாள். சொல்லத் தகாததெனக் கருதப்படும் உறுப்பைக் கேலியாகப் பெயரிட்டே நூல் தொடங்குகிறது.

நகைக்குரிய நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு. இவற்றுள் பின்னிரண்டும் இந்நூலுக்கு ஒளி தருகின்றன. கொளுத்தக் கொண்டதை விடாமையை மடன் என்பர் உரையாசிரியர். பெண்ணோயியல் மருத்துவர் முதல் மாற்றுமருத்துவம் செய்பவர் வரை ஒவ்வொருவரும் தாம் கற்ற ஒன்றையே விடாது பற்றுகின்றனர். 'அறியோம்' என்னும் சொல் எளிதில் எழுவதில்லை. தேநீர்க் குளியல், சமையல் சோடா, மனச்சோர்வு நீக்கும் மாத்திரை எனச் சொன்னவற்றையெல்லாம் ஏற்றுச் செய்யும் நோயாளியின் பேதைமையும் உடன் நகைக்கப்படுகிறது. குறுகிய இயல்களும் உரையாடல்களும் இந்நகையைத் தாங்குகின்றன. விளக்கவுரை இன்றி, கேட்டதும் விடுத்ததுமாகிய சொற்களே மடனை வெளிப்படுத்துகின்றன.

இந்நகைக்கு ஒரு தேவையும் உண்டு. கேசன் இளமையில் மனநல மருத்துவமனையில் இருந்ததை 'கேர்ள், இன்டரப்டட்' (1993) நூலில் எழுதியவர். கண்ணுக்குப் புலப்படாத வலியை மனத்தின் பிழை எனத் தள்ளுவது எளிது. அவர் வாழ்க்கையில் அது இன்னும் எளிது. அழுது கூறின் ஐயுறுவோர் முன் அவர் நகைத்துக் கூறுகிறார். தன்னையே நகைக்கவல்ல தெளிவு அவர் கூற்றுக்குச் சான்றாகிறது.

ஆயின் இல்லத்தில் அந்நகை செல்லவில்லை. வலியைப் பொருட்படுத்தாது உறவுக்கு வற்புறுத்தும் காதலனைப் பற்றிய பகுதிகளில் நூலின் குரல் மாறுகிறது. மருத்துவர் அறியாமையால் தவறுகின்றனர். அவனோ அறிந்தே வற்புறுத்துகிறான். அறியாமை நகைக்குரியது; அறிந்து செய்யும் கொடுமை நகைக்குரியதன்று. இவ்வேறுபாட்டை அறிவுரையாக்காது தொனியின் மாற்றத்தாலேயே உணர்த்தியமை நூலின் தலையாய சிறப்பு.

வலி தனக்கு ஏதோ உணர்த்த முயல்கிறதோ என்னும் எண்ணத்தைக் கேசன் தொடர்ந்து ஆராயாது விட்டுவிடுவது குறையே. எனினும் நூல் பொய்யான நலத்தோடு முடியவில்லை. வலி தீராமலே கதை நிற்கிறது. காரணம் காணாப் பிணிக்குக் காரணம் கற்பிக்காமல், அதனோடு வாழ்பவரின் மதிப்பை மட்டும் இளிவரலினின்று மீட்பதே இந்நகையின் பயன் எனத் துணியலாம்.