நாலு வசதி இருந்தால் முழு மார்க்: நாக் கையேட்டின் தண்ணீர்க் கேள்வி

கல்லூரி இணையதளங்களில் ஏற்றி வைத்திருக்கும் 'பசுமைத் தணிக்கை' அறிக்கைகளை நாலைந்து படித்தாலே ஒரு சந்தேகம் வரும்: எல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கு? மரங்களின் எண்ணிக்கை, சோலார் பேனல் படம், மழைநீர்த் தொட்டி படம், கடைசியில் ஒரு சான்றிதழ். கல்லூரிகளைத் திட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் நீட்டப்பட்ட கேள்வித்தாளைப் படிக்கணும். கேள்வி எப்படியோ பதிலும் அப்படித்தான் வரும்.

நாக் தர மதிப்பீட்டில் மொத்தம் 1000 மதிப்பெண். ஏழாவது அளவுகோலுக்கு 100. சுற்றுச்சூழல் சங்கதிகள் அதற்குள்ளே, பாலினச் சமத்துவம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி ஆகியவற்றோடு சேர்ந்து வருகின்றன. பல வருஷம் நடைமுறையில் இருந்த கையேட்டில் 7.1.4 என்பது தண்ணீர். மழைநீர் சேகரிப்பு, கிணறு அல்லது போர்வெல்லுக்கு நீரூட்டுதல், தொட்டியும் வரப்பும் கட்டுதல், கழிவுநீர் மறுசுழற்சி, நீர்நிலைப் பராமரிப்பு என்று ஐந்து வசதிகள். நாலோ அதற்கு மேலோ இருந்தால் 'ஏ'. மூன்று என்றால் 'பி'. சான்றாக இடக்குறியீடு பதிந்த படங்கள்.

இந்தக் கேள்வியில் லிட்டர் எங்கேயும் வரவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு உறிஞ்சுறீங்க, தலைக்கு எவ்வளவு ஆகுது, போன வருஷத்துக்கு இந்த வருஷம் கூடிச்சா குறைஞ்சுதா, போர்வெல் எத்தனை அடியில் நிக்குது, எதுவும் இல்லை. இரண்டாயிரம் பேர் தங்கும் விடுதி இருந்தாலும், விடுதியே இல்லாவிட்டாலும் ஒரே நாலு டிக், ஒரே மதிப்பெண். வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் அது சொத்துப் பட்டியல். செயல்பாட்டை அளக்கணும்னா வகுக்கும் எண் ஒன்று வேண்டும், ஒப்பிட ஒரு அடிப்படை ஆண்டும் வேண்டும். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ஸ்டார்ஸ் முறை இந்த இரண்டையும் கேட்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பகுதியா என்பதற்கேற்ப மதிப்பெண்ணின் எடையையும் மாற்றுகிறது. அதுவும் கல்லூரி தானே நிரப்பித் தரும் கணக்குதான், குறையில்லாதது இல்லை. ஆனால் நிரப்பியதை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்க அங்கே ஒரு எண் இருக்கிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் ஆலைகள் நல்லவையா கெட்டவையா என்ற பட்டிமன்றமாக அந்த வழக்கு நடக்கவில்லை. 1996 ஆகஸ்ட் தீர்ப்பு முழுக்க எண்கள்: ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், பதனிடுவதில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள், பகுதியாகவோ முழுதாகவோ விவசாயத்துக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர். 'மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும்' என்ற கொள்கையை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நீதிமன்றம் அறிவித்தது அந்த எண்களின் மேல் நின்றுதான்.

அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது, நிஜம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 'வசதி' அங்கேயும் இருந்தது! டிக் போடும் கேள்விக்கு அந்த நிலையமும் ஒரு 'ஆம்' தான். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது.

அடுத்த குறை எல்லை. 7.1.5-இல் 'வளாகத்துக்குள் மோட்டார் வண்டிக்குக் கட்டுப்பாடு' என்றால் மதிப்பெண் உண்டு. குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தினமும் மாணவர்களை ஏற்றி வரும் பஸ் குடிக்கும் டீசலுக்குக் கேள்வி இல்லை. 7.1.6-இல் 'வளாகத்துக்கு வெளியே' என்ற சொல் வருகிறது, ஆனால் விழிப்புணர்வு நிகழ்ச்சியாக மட்டும்: ஊர்வலம், மரம் நடுவிழா. நிலத்தடி நீருக்கு காம்பவுண்டு சுவர் தெரியுமா என்ன? பாலாற்றுப் படுகையில் நிற்கும் கல்லூரி குடிப்பது ஊர் குடிக்கும் அதே தண்ணீரைத்தான்.

'சின்ன கல்லூரி, ஆள் இல்லை, காசு இல்லை, என்ன பண்றது?' என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தனியார் தணிக்கையாளருக்குக் கொடுக்கும் காசில் போர்வெல்லுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் மாட்டிவிடலாம். மின்வாரிய பில்லில் யூனிட் ஏற்கனவே இருக்கிறது. டீசல் பில் அலுவலகத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் லாரித் தண்ணீரை எண்ண ஒரு நோட்டு போதும். டி.டி.எஸ். அளக்கும் பேனா சில நூறு ரூபாய்தான். வேதியியல் மாணவர்கள் மாதம் ஒருமுறை கல்லூரி போர்வெல்லையும், சுற்றியுள்ள பத்துக் கிணறுகளையும் அளக்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. எந்தக் கிணறு எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். டி.டி.எஸ். மட்டும் குரோமியத்தைக் காட்டாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். உப்பு எந்தப் பக்கம் ஏறுது என்பதையாவது காட்டும்.

இப்படி ஐந்து வருஷ எண் வைத்திருக்கும் கல்லூரிக்கு அந்தக் கையேட்டில் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. தர மதிப்பீட்டு முறையை மாற்றி எழுதும் வேலை நடக்கும் இந்தச் சமயத்தில், முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.