கால்டரின் கம்பிக்குப் பின்னால் போவது எப்படி?

அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) என்றதும் பலருக்கு நினைவு வருவது கூரையிலிருந்து தொங்கியபடி காற்றுக்கு அசையும் ‘மொபைல்’கள்தான். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். இந்த அமெரிக்கச் சிற்பி கம்பியில் மனிதர்களை வளைத்தார், நகை செய்தார், ஓவியமும் தீட்டினார். மூன்றுக்கும் பொதுவானது கோடு. அது எங்கே தொடங்கி, எங்கே சுழித்து, எங்கே முடிகிறது என்று கண் அதன் பின்னாலேயே போகவேண்டும்.

1920-களில் பாரிஸைக் கிறங்கடித்த நடனமணி ஜோசஃபின் பேக்கரிடமிருந்து தொடங்கலாம். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய கம்பி உருவத்தில் மார்பும் வயிறும் வெறும் சுருள்கள். மற்றதெல்லாம் காற்று! ஆனாலும் இடுப்பின் ஒயில் தெரிகிறது. நேர் எதிரே நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் கோடுகள் சிக்கலாகி, இன்னொரு கோணத்தில் மறுபடி ஆளாகும். சுவரில் விழும் நிழலையும் விடக்கூடாது.

கால்டரின் குறும்பையும் தேடவேண்டும். ஓநாயிடம் பால்குடித்த ரோமானியப் புராண இரட்டையரைக் காட்டி 1928-இல் அவர் செய்த ‘ரோமுலஸும் ரீமஸும்’ சிற்பத்தில் ஓநாயின் முலைக்காம்புகள் எவை தெரியுமா? கதவு இடிக்காமலிருக்க வைக்கும் மரக்கட்டைகள். கலைக்கூடத்தில் சிரிக்கக் கூடாது என்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

சிறுவயதில் அக்காவின் பொம்மைகளுக்குச் செம்புக் கம்பியில் நகை செய்து விளையாடியவர், வளர்ந்தபின் சுமார் 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பித்தளையும் வெள்ளியும்தான்; கல்லின் விலையை வைத்து எடைபோட அங்கே ஒன்றுமில்லை. சுத்தியல் தட்டிய தடத்தையும் இணைப்புகளையும்தான் பார்க்கவேண்டும். பற்றவைப்பதில் அவருக்கு நாட்டமில்லை. கம்பியையே சுற்றியும் முடிந்தும் ஆணி தைத்தும் பிணைத்தார். எப்படிச் செய்தார் என்பதில் ஒளிவுமறைவே கிடையாது.

நகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பது அரைகுறை ரசனை. ‘பொறாமைக்காரக் கணவன்’ என்று பெயரிட்ட பித்தளைக் கழுத்தணியை நடிகை அஞ்செலிகா ஹியூஸ்டன் அணிந்திருக்கும் 1976-ஆம் ஆண்டுப் புகைப்படத்தைத் தேடிப் பார்க்கலாம். யாரும் கிட்டே நெருங்க முடியாதபடி அது தோளைத் தாண்டி விரிந்து நிற்கிறது. பெயரின் கிண்டல் அப்போதுதான் உறைக்கும்.

ஓவியங்களில் ஏற்றத்தாழ்வு உண்டு. 1953-இல் தென்பிரான்ஸின் எய்க்ஸ் பகுதியில் தங்கியபோது ‘கூவாஷ்’ என்னும், சீக்கிரம் உலரும் நீர்வண்ணத்தில் மும்முரமாக இறங்கினார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், நீலம் என்று அள்ளித் தெளித்தவற்றில் சில வெறும் அலங்காரம். தூரிகை தயங்காமல் ஒரே மூச்சில் சுழன்றவற்றில் பழைய கம்பிக்காரர் தெரிகிறார்.

1955-இல் தொழிலதிபர்களான சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் அகமதாபாத் வந்தபோதும் அவர் கை சும்மா இருக்கவில்லை. சிற்பங்களோடு நகைகளும் செய்தார்.

அருங்காட்சியகம் போக வாய்ப்பில்லாதவர்கள், கம்பியில் அவர் செய்த பொம்மை சர்க்கஸை கார்லோஸ் விலார்தேபோ 1961-இல் எடுத்த குறும்படத்தைப் பார்க்கலாம். அதில் தடித்த உடம்புக்காரரான கால்டர் தரையில் மண்டியிட்டு, கம்பியும் துணியும் சேர்த்துச் செய்த சிங்கத்தையும் பளுதூக்கியையும் படு சீரியஸாக ஆட்டிவைக்கிறார்.