தொகுப்பும் வாசகரும்: விளையாட்டு எழுத்தின் ஆண்டுத் தொகுதிகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

நாளிதழ் எழுத்துக்கு ஆயுள் ஒரு நாள் என்பர். விளையாட்டுப் பக்கத்தின் ஆயுள் அதனினும் குறைவு. அடுத்த ஆட்டம் தொடங்கியதும் முந்தைய ஆட்டத்தின் செய்தி பழையதாகிவிடுகிறது. இவ்வாறு மறையும் எழுத்துகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து ஆண்டுதோறும் நூலாக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அவ்வகையில் பரவலாக அறியப்பட்டது ‘தி பெஸ்ட் அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் ரைட்டிங்’ என்னும் வரிசையாகும். 1991 முதல் 2020 வரை இதில் முப்பது தொகுதிகள் வெளிவந்தன. 2021 முதல் வேறொரு பதிப்பகத்தின்வழி ‘தி இயர்ஸ் பெஸ்ட் ஸ்போர்ட்ஸ் ரைட்டிங்’ என்னும் பெயரில் இம்முயற்சி தொடர்கிறது. இத்தொகுதிகளைப் பற்றி வாசகர் கூறும் கருத்துகளை மதிப்பிட்டு, அவை தமிழ்ச் சூழலுக்கு உணர்த்துவன யாவை எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெரிவு முறை

முப்பது தொகுதிகளுக்கும் தொடராசிரியராக இருந்தவர் கிளென் ஸ்டவுட். ஓராண்டில் வெளிவந்த எழுத்துகளைப் படித்து அவர் முதற்கட்டத் தெரிவினைச் செய்வார். ஆண்டுக்கு ஒருவராக அழைக்கப்படும் சிறப்பாசிரியர் அதிலிருந்து இறுதித் தெரிவினைச் செய்வார். முதல் தொகுதியின் சிறப்பாசிரியர் டேவிட் ஹால்பர்ஸ்டாம். வாசகரும் தமக்குப் பிடித்த கட்டுரையைப் பரிந்துரைக்கலாம். எனினும் பரிந்துரைக்கப்படுவது ஒரு பத்தியாளர் எழுதும் கட்டுரையின் நீளமேனும் உடையதாக இருத்தல் வேண்டும். இவ்விதி பின்னர் வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

வாசகர் கருத்துகள்

இத்தொகுதிகள் சிலவற்றைத் தெங்கேராவில் தமிழாசிரியர் சிலரோடு அமர்ந்து படித்தோம். அங்கு எழுந்த குறைகளும் அமெரிக்க வாசகர் நெடுநாளாகக் கூறிவரும் குறைகளும் பெரிதும் ஒத்திருந்தன. அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, தொகுதி துயரத்தால் நிறைந்துள்ளது என்பது. காயம், நோய், குற்றம், மரணம் ஆகியவையே மிகுதி. விளையாட்டின் மகிழ்ச்சி குறைவு என்பர். இக்குறையை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. வென்றவரை நாளிதழே கொண்டாடிவிடுகிறது. தோற்றவரும் உடல் தளர்ந்தவரும் பிறகு என்ன ஆயினர் எனக் கேட்பது எழுத்தாளரின் கடமையே.

இரண்டாவது, தெரிவு ஒரு சிறு வட்டத்துக்குள் நிகழ்கிறது என்பது. பெரிய இதழ்களும் பழகிய பெயர்களுமே திரும்பத் திரும்ப வருகின்றன என்பர். இதில் உண்மை உண்டு. முதல் இருபது தொகுதிகளின் சிறப்பாசிரியர் அனைவரும் ஆடவரே. 2011இல்தான் ஜேன் லீவி என்னும் பெண் எழுத்தாளர் அப்பொறுப்பை ஏற்றார்.

மூன்றாவது, ஆட்டமே காணப்படவில்லை என்பது. நம்மோடு படித்த ஆசிரியர் ஒருவர், “ஆட்டக்காரரின் வாழ்க்கை முழுவதையும் அறிந்துகொண்டோம், அவர் எப்படி ஆடினார் என்பதைத்தான் அறியவில்லை” என்றார். நம் நோக்கில் இம்மூன்றனுள் வலிமை மிக்கது இதுவே. மேற்சுட்டிய நீள விதி, ஆட்டம் முடிந்த இரவே அவசரமாக எழுதப்படும் சிறு செய்தியை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆட்டத்தை நேரில் கண்டு எழுதும் எழுத்து பெரும்பாலும் அச்சிறு செய்தியே. வாசகர் ருசியின் குறையாகத் தோன்றுவது உண்மையில் அளவுகோலின் குறை எனலாம்.

தமிழ்த் தொகை மரபு

சிறு செய்தி அதன் நாள் கடந்தால் பொருள்படாது எனச் சிலர் மறுக்கக்கூடும். இதற்குப் புறநானூறு விடை தருகிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய 80ஆம் பாடல் ஒன்பது அடிகளே உடையது. ஒரு கால் மார்பில் ஊன்ற, மற்றொரு கால் பின்புறம் வளைந்து எதிரியின் உத்தியைத் தடுக்கும் நிலை அதில் கண்முன் நிற்கிறது. தந்தையாகிய தித்தன் இதனைக் காண வேண்டும் என்னும் ஒரு விருப்பத்தில், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பிணக்கும் புலனாகிறது. மல்லனின் பெயரை நாம் அறியோம். ஆயினும் அப்பிடி இன்றும் தளரவில்லை. முடிவு பழையதாகும், உடல் நின்ற நிலை பழையதாவதில்லை.

அவ்வரசனையே நக்கண்ணையார் பாடிய 85ஆம் பாடல் எட்டு அடிகளால் ஆனது. வெற்றி அவனுக்கே என ஒரு சாராரும், இல்லை என மறு சாராரும் கூற, பனைமரத்தைப் பற்றி நின்று தானே கண்டு தீர்ப்புரைக்கிறாள் ஒருத்தி. பார்வையாளர் கருத்து வேறுபாட்டையும் நேரில் காண்பதன் மதிப்பையும் ஒருங்கே கூறும் இப்பாடலை யாத்தவர் பெண்பாற் புலவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் முன்னோர் அடியளவைத் தொகுத்தலுக்குரிய நெறியாகவே கொண்டனர். நெடியனவற்றை அகநானூற்றிலும், இடைப்பட்டனவற்றை நற்றிணையிலும், நான்கு முதல் எட்டு அடி வரையிலானவற்றைக் குறுந்தொகையிலும் வைத்தனர். சிறியதை விலக்கவில்லை, அதற்கெனத் தனித் தொகையே கண்டனர்.

நம் சூழல்

மலேசியத் தமிழரிடம் எழுதுவதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை நாற்பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. 2017இல் அதனை முறியடித்த கைருல் ஹாபிஸ் ஜந்தான் மலாக்காவைச் சேர்ந்தவர். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் வேகநடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட நடை அது. சாதனைகளின் எண்கள் ஏடுகளில் உள்ளன. அவற்றைத் திடலோரம் நின்று கண்டவர் தமிழில் எழுதிய வரிகளோ நூலாகத் திரட்டப்படவில்லை. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019 சனவரியோடு நின்றுவிட்டது. நாளிதழ் நின்றால், தொகுக்கப்படாத பக்கங்களைத் தேடிச் செல்வாரும் குறைந்துவிடுவர். தோட்டங்களுக்கிடையே நடந்த காற்பந்தாட்டங்களின் நினைவுக்கும் இதே நிலைதான்.

முடிவுரை

அமெரிக்கத் தொகுதியின் விடாமுயற்சி நாம் பின்பற்றத்தக்கது. அதன் நீள விதி அன்று. தமிழில் இத்தகைய ஆண்டுத் தொகுதி உருவாகுமாயின், நெடிய வாழ்க்கைக் கட்டுரைக்கு ஒரு பகுதியும் குறுஞ்செய்திக்கு ஒரு பகுதியும் அமைதல் வேண்டும். பழைய நாளிதழ்ப் பக்கங்களைப் படியெடுக்கும் பணியை நம் மாணவரின் பயிற்சிக் கட்டுரைகளிலேயே தொடங்கலாம். தமிழாசிரியரும் பள்ளித் திடலில் கண்ட ஆட்டத்தை மறுநாளே பத்து வரியில் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். யார் வென்றார் என்பதோடு, எப்படி நின்றார் என்பதும் அவ்வரிகளில் இருக்குமாயின் அவை தொகுக்கத் தகுதியுடையனவே.