எரியும் இதயமும் இருக்கும் சபையும்: ஹாலிவுட் பிரெஸ்பிட்டேரியன் சபையின் மாணவர் பணி பற்றிய ஒரு திறனாய்வு

கல்லூரி மாணவரிடையே திருச்சபை ஆற்றும் பணியின் நோக்கம் யாது? அவர்களைச் சபையின் உயிருள்ள உறுப்புகளாக வளர்ப்பதா? அல்லது, ஆற்றல்மிக்க தலைவர்களாக உருவாக்கி உலகிற்கு அனுப்புவதா? இவ்விரண்டும் ஒன்றே என நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆனால், இவை தனித்தனி வழியே சென்றதும் உண்டு என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள ஹாலிவுட் முதல் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1928 முதல் 1963 வரை நடைபெற்ற மாணவர் பணி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அப்பணியிலிருந்து பிறந்த முறைகள் நம் நாட்டுக் கல்லூரி வளாகங்களையும் எட்டியிருப்பதால், அதனை மதிப்பிடுவது நமக்கும் பயன் தரும்.

இப்பணிக்கு உயிரூட்டியவர் ஹென்றியெட்டா மியர்ஸ் அம்மையார் (1890–1963). மின்னசோட்டா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்துவந்த அவரை, ஹாலிவுட் சபையின் போதகர் ஸ்டூவர்ட் மக்லெனன் கிறிஸ்தவக் கல்விப் பணிக்கு அழைத்தார். 1928இல் அவர் பொறுப்பேற்றபோது சில நூறு பேரே பயின்ற ஞாயிறு பள்ளி, சில ஆண்டுகளுக்குள் நாலாயிரம் பேரைத் தாண்டி வளர்ந்தது. கிடைத்த பாட நூல்கள் மாணவரின் அறிவுக்கும் வயதுக்கும் ஏற்றவையாக இல்லை எனக் கண்டு, அவரும் துணைவர்களும் தாமே பாடங்களை எழுதினர். அம்முயற்சியே 1933இல் ஒரு பதிப்பகமாக உருப்பெற்றது. 1938இல் சான் பெர்னார்டினோ மலைப்பகுதியில் ஃபாரஸ்ட் ஹோம் என்னும் முகாமிடம் வாங்கப்பட்டது. எனினும், அம்மையார் தமது நெஞ்சுக்கு மிக நெருக்கமாகக் கொண்டது கல்லூரி மாணவர் வகுப்பேயாகும். அதனைத் தாமே நேரில் கற்பித்தார்.

இப்பணியின் சிறப்புகளை முதலில் மனமாரக் கூறவேண்டும். மாணவரின் அறிவை அது மதித்தது. திருமறையைத் துண்டு துணுக்குகளாக அன்றி, முழுமையான ஒரே நூலாகக் கற்பித்தது. மாணவரைக் கேட்போராக மட்டும் அமரச்செய்யாமல், திட்டமிடுவோராகவும் பொறுப்பேற்போராகவும் ஆக்கியது. அம்மையாரின் இல்லம் மாணவருக்குத் திறந்திருந்தது. உணவும் உரையாடலும் வேண்டலும் ஒன்றாக இணைந்த ஐக்கியத்தை அவர்கள் அங்கு சுவைத்தனர். இளைஞரை ஈர்க்க இசையும் விளையாட்டும் போதும் என்று கருதும் சபைகள், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இப்பாடத்தைக் கற்றதாகத் தெரியவில்லை.

ஆயினும், இப்பணியின் உச்சமெனப் பலரும் போற்றும் நிகழ்ச்சியிலேயே ஒரு குறைபாட்டின் வித்தும் இருந்ததென நாம் கருதுகிறோம். இரண்டாம் உலகப் போரின் அழிவு கண்முன் நின்ற 1947ஆம் ஆண்டில், அம்மையாரும் அவருடன் வேண்டுதல் செய்த இளைஞர் சிலரும் 'எரியும் இதயத்தின் ஐக்கியம்' என்னும் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வேண்டலிலும் திருமறை வாசிப்பிலும் தரித்திருத்தல், தூய வாழ்வு, பிறரைக் கிறிஸ்துவிடம் நடத்துதல், கிறிஸ்துவுக்காகத் தம்மைச் செலவழிக்க ஆயத்தமாயிருத்தல் என்பன அதன் நான்கு கூறுகள். இவற்றில் எதனையும் நாம் இகழ முடியாது. ஆனால், திருவிருந்தோ, மூப்பரின் மேய்ப்போ, அண்டைவீட்டானுக்கு உரிய நீதியோ இந்நான்கு தலைப்புகளுள் ஒன்றாக இடம்பெறவில்லை. ஐக்கியம் எனப் பெயர் பெற்றபோதிலும், அதன் அடித்தளம் தனிமனிதனின் தீர்மானமே.

எரியும் இதயம் என்றவுடன் சீர்திருத்தச் சபையார் நினைவில் எழுவது, இதயத்தை ஏந்திய கை பொறித்த கால்வினின் முத்திரையாகும். அவ்விதயம் எங்கே படைக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. 1538இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கால்வின், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அமைதியாக வாழ்ந்தார். மீண்டும் வருமாறு ஜெனீவா அழைத்தபோது அவர் உள்ளம் நடுங்கியது. 1540இல் ஃபாரெலுக்கு எழுதிய மடலில்தான் தமது இதயத்தை ஆண்டவருக்குப் பலியாகப் படைப்பதாகத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு அவர் திரும்பிச் சென்றது, தம்மைத் துரத்திய அதே சபைக்கு. அதன் சச்சரவுகளுக்கும், மூப்பர் மன்றத்திற்கும், ஏழைகளைப் பராமரிக்கும் உதவிக்காரர் பணிக்கும். ஆகவே, பிரெஸ்பிட்டேரியன் மரபில் எரியும் இதயம் என்பது ஒரு குறிப்பிட்ட ஊரின், எளிதில் நேசிக்க இயலாத ஒரு சபைக்குத் தன்னை ஒப்படைக்கும் இதயம். இப்பொருள் ஹாலிவுட்டின் உடன்படிக்கையில் ஒளிமங்கிவிட்டது.

இதன் விளைவைப் பில் பிரைட் என்பாரின் வரலாற்றில் காண்கிறோம். தின்பண்ட வணிகம் நடத்திவந்த இவ்விளைஞர் அச்சபையில் கிறிஸ்துவை அறிந்து, 1947இன் உடன்படிக்கையிலும் பங்குகொண்டார். சிறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வறியோர் வாழும் தெருக்களுக்கும் செல்லும் மாணவர் குழுக்களை அவர் முன்னின்று நடத்தினார். அவ்விடங்களில் பணிசெய்யப் பல சபைகள் முறைவைத்துக் காத்திருந்தன. பல்கலைக்கழக மாணவரிடமோ செல்வார் இல்லை. இதனைக் கண்ட அவர், 1951இல் இறையியல் கல்வியை நிறைவுசெய்யாமலே லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 'கேம்பஸ் குருசேட்' இயக்கத்தைத் தொடங்கினார். விளையாட்டு வீரரையும் மாணவத் தலைவரையும் முதலில் ஆதாயப்படுத்தினால் மற்றவர் பின்தொடர்வர் என்பது அதன் வழிமுறை. அவரும் மனைவியாரும் அம்மையாருடன் பல ஆண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர் என்பதால், சபைப் பணிக்கும் இவ்வியக்கத்திற்கும் இருந்த உறவு தெளிவு.

ஒருவரும் செல்லாத இடத்திற்குச் செல்வது அப்போஸ்தல நெறிதான். ஆனால், சிறைவாசலிலிருந்து தலைவரின் விடுதிக்கு நகர்ந்த அப்பயணத்தில் இடம் மட்டுமா மாறியது? நற்செய்தியின் முதல் முகவரியும் மாறியதன்றோ? பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்லிடம் தருவதை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்ததை இங்கு நினைவுகூர்வது தகும். செல்வாக்குள்ளோர் வழியாகச் செல்வாக்கற்றோரை அடையலாம் என்னும் கணக்கு, கலிலேயாவின் மீனவரைத் தேர்ந்த ஆண்டவரின் கணக்கன்று.

மேலும், 1965இல் அவ்வியக்கம் அச்சிட்ட, நான்கு ஆவிக்குரிய பிரமாணங்களைக் கூறும் சிறு பிரதி, கேட்பவனைத் தனியனாகவே சந்திக்கிறது. பிரெஸ்பிட்டேரியன் சபையோ குழந்தைத் திருமுழுக்கின் வழியாக, நாம் தேர்ந்துகொள்ளுமுன்னரே தேர்ந்துகொண்ட கடவுளின் உடன்படிக்கையை அறிக்கையிடுகிறது. அம்மரபில் மாணவன் ஒருவன் பிறருடைய வேண்டுதலாலும் வாக்குறுதியாலும் ஏற்கெனவே சூழப்பட்டவன். அவனுடைய தீர்மானம் அவசியமே. எனினும் அது தொடக்கமன்று, மறுமொழி. சபையின் மடியில் வளர்ந்த பணியொன்று, சபையைப் பின்குறிப்பாக்கிய செய்தியைப் பிறப்பித்தது ஏன் என்பது சிந்தனைக்குரியது.

பெண்களின் பங்கு பற்றியும் மௌனமாயிருக்க இயலாது. அம்மையார் சார்ந்த சபைப்பிரிவு 1930இல் பெண்களை மூப்பராகவும், 1956இல் குருக்களாகவும் ஏற்றது. அவர் இறுதிவரை குருப்பட்டம் பெறாத ஆசிரியராகவே பணியாற்றினார். ஆண்களைத் தலைவர்களாக்குவதிலேயே தனிக்கவனம் செலுத்தினார். ஏறத்தாழ நானூறு இளைஞர் அவர் தூண்டுதலால் முழுநேரத் திருப்பணிக்குச் சென்றனர் என்பர். நானூறு பேருக்கு வழிகாட்டும் வரம் ஒரு பெண்ணுக்கு உண்டு எனக் கண்ட சபை, அவ்வகுப்பிலிருந்த மாணவியரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கவேண்டும்? தலைமையை உருவாக்குவதே குறிக்கோளாகும்போது, யார் தலைவர் என்பதை அக்காலச் சமுதாய வழக்கமே முடிவுசெய்துவிடுகிறது.

நம் கருத்துக்கு மறுப்பு எழலாம். ரிச்சர்ட் ஹால்வர்சன், இளைய லூயி எவன்ஸ் போன்றோர் சபைப் போதகர்களாகவே நெடுங்காலம் உழைத்தனர் அன்றோ? 1949இல் ஃபாரஸ்ட் ஹோமில் திருமறையின் அதிகாரத்தைப் பற்றிய ஐயத்தோடு போராடிய பில்லி கிரகாம், அங்கே உறுதி பெற்றன்றோ லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டங்களுக்குச் சென்றார்? உண்மையே. இக்கனிகளை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும், ஒரு மரத்தின் கனிகளை எண்ணும்போது, பெயர் பெற்றவற்றை மட்டும் எண்ணுதல் முறையன்று. தலைவராகாத மாணவர் எங்கே? பட்டம் பெற்று, ஏதோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, சிறிய சபையொன்றின் கடைசி வரிசையில் உட்கார்ந்த அவருக்கு அவ்வகுப்பு எத்தகைய வாழ்வைக் கற்பித்தது? வரலாற்று நூல்கள் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. மாணவர் பணியின் உண்மையான உரைகல்லோ அவரே.

அம்மையார் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1967இல், அவரது சபைப்பிரிவு ஒரு புதிய விசுவாச அறிக்கையை ஏற்றது. ஒப்புரவாக்குதலே அதன் மையக் கருத்து. இனப்பாகுபாடு, போர், வறுமை ஆகியவற்றை அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பின்னர் வந்த அளவுகோலைக் கொண்டு முன்னிருந்தவரைத் தண்டிப்பது நியாயமன்று. ஆனால், ஒப்புரவாக்கப்பட்ட சமூகமாக வாழ்வதே சபையின் முதல் சாட்சி என்னும் அவ்வுண்மை, எரியும் இதயத்திற்கு இல்லாதிருந்த அடுப்பை நமக்குக் காட்டுகிறது. அடுப்பில்லா நெருப்பு வெளிச்சம் தரும். பலருக்கு உணவு சமைக்காது.

1947இல் உருவான நமது தென்னிந்தியத் திருச்சபையும் பிரெஸ்பிட்டேரியன் மரபின் பங்காளியே. சிற்றூர்களிலிருந்து நகரக் கல்லூரிகளுக்கு வரும் நம் மாணவர் மூன்றாண்டு விருந்தாளிகளாகவே நடத்தப்படுகின்றனர். அவர்களுக்கெனத் தனிக் கூட்டமும் தனிப் பாடலும் முகாமும் உண்டு. ஆனால் சபையின் துக்க வீட்டிலும் முதியோர் படுக்கையருகிலும் சபைக் கணக்கு பேசப்படும் மன்றத்திலும் அவர்களுக்கு இடமில்லை. மாணவர் ஒருவரைச் சபைக் குடும்பம் ஒன்று தன் மேசைக்கு அழைக்கட்டும். அக்குடும்பத்தின் கவலையை அம்மாணவரும் சுமக்கட்டும். அவர் ஊர் திரும்பும்போது, அவ்வூர்ப் போதகருக்கு ஒரு கடிதமேனும் செல்லட்டும். மியர்ஸ் அம்மையார் திருமறையைக் கற்பித்த ஆழமும், மாணவரை நம்பிய துணிவும் நமக்கு வேண்டும். அவற்றோடு, கால்வின் திரும்பிச்சென்ற அந்தச் சச்சரவு மிக்க சபையையும் நாம் மாணவருக்குக் காட்டவேண்டும்.