குடவோலையும் கேள்வி கணக்கும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே பலரும் போற்றுகின்றனர். முதலாம் பராந்தகனின் ஆணைப்படி கி.பி. 919, 921இல் வகுக்கப்பட்ட அவ்விதிகள் நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இடமளித்தன. அதனை மக்களாட்சி என்பது மிகை. எனினும் அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர்.

இவ்வளவுகோலால் நம் காலத்தை அளப்போம். 1975இல் நெருக்கடி நிலை வந்தது. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் முதலிய அமைப்புகள் தடை செய்யப்பட்டன. 1976 ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டது. ஷா கமிஷன் அத்துமீறல்களைப் பதிவு செய்தது. ஆயினும் 1980இல் அதே தலைமை வாக்குகளாலேயே மீண்டது. இந்தோனேசியாவின் சுஹார்த்தோ 1998இல் பதவி விலகி, குற்றவியல் தீர்ப்பின்றியே 2008இல் மறைந்தார்.

வாக்கு ஆளைத் தேர்கிறது, கணக்குக் கேட்பதில்லை. மறுமையின் கேள்வி கணக்கை நம்பும் நாம், இம்மையில் ஆள்வோரிடம் அதனைக் கேளாதிருத்தல் தகுமா?